பதிவேட்டைக் கேட்க ஒரு ஆள்

பூந்தமல்லி–ஆவடி சாலையில் இருக்கும் பாரிவாக்கத்தில் வீடோ மனையோ வாங்குகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் சொல்வார்கள். வீட்டில் ஒருவருக்கு வேலை அம்பத்தூர் பக்கம், இன்னொருவருக்குப் போரூர் பக்கம். இரண்டுக்கும் பொதுவாக ஓர் இடம் வேண்டும். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டிலோ பாடியிலோ வண்டி உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர், மகள் மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் ஏதோ ஒரு ஐ.டி. பார்க்கில் சாஃப்ட்வேர் எஞ்சினியர் என்று அமைந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் புதிதில்லை. அப்படி ஒரு வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"ரிலீஸ் மறுபடி தள்ளிப் போச்சுப்பா. டெஸ்டிங்ல பக் மேல பக் வருது."

"எழுதும்போதே யாரும் பாத்துக் குடுக்கலையாம்மா?"

"ரிவியூ பண்ணணும்னு ரூல்லாம் இருக்கு. நேரம் எங்க இருக்கு?"

அப்பாவுக்கு இந்தப் பதில் பிடிபடாது. ரூல் இருக்கிறது, ஆனால் செய்வதில்லை என்றால் என்ன அர்த்தம்? அவர் வேலை பார்த்த இடத்திலும் ஒரு காலத்தில் ரூல் இருந்து, யாரும் செய்யாமல்தான் கிடந்தது. அதை மாற்றியது சுவரில் ஒட்டிய போஸ்டர் இல்லை. வெளியிலிருந்து திரும்பத் திரும்ப வந்து நின்று கேள்வி கேட்ட ஆட்கள்தான் மாற்றினார்கள்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நடந்தது நம் மேற்குச் சென்னையில். பாடியில் 1962-இல் உருவான சுந்தரம் கிளேட்டன், லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக் செய்த நிறுவனம். 1998-இல் அதன் பிரேக்ஸ் பிரிவுக்கு டெமிங் பரிசு கிடைத்தது. ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் தரத்துக்காக 1951 முதல் தந்துவரும் பரிசு அது. இந்தியாவில் அதை முதலில் வாங்கியது இந்த பாடித் தொழிற்சாலைதான். அதோடு நிற்கவில்லை. 2001-இல் பக்கத்திலேயே இருக்கும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002-இல் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார், 2003-இல் அம்பத்தூரின் ரானே பிரேக் லைனிங், 2004-இல் பாடியின் லூகாஸ் டி.வி.எஸ். என்று வரிசையாக வந்தது. டெமிங் பரிசு வாங்கியவர்கள் அடுத்து எட்டிப் பிடிக்கும் ஜப்பான் தரப் பதக்கமும் 2002-இல் சுந்தரம் கிளேட்டனுக்கு வந்து சேர்ந்தது. ஓசூரை விட்டுவிட்டாலும், பாடி–அம்பத்தூர் என்ற ஒரே வட்டாரத்தில் இத்தனை டெமிங் பரிசுகள் என்பது சின்ன விஷயமில்லை. அம்பத்தூர்க்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக் கொள்வது குறைவு என்பது வேறு விஷயம்.

இதன் பின்னால் ஜப்பானிலிருந்து வந்துபோன பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் யொஷிகாஸு ட்சுடாவின் பெயரைத் தமிழ்நாட்டு உதிரிபாகத் தொழிலில் தெரியாதவர்கள் குறைவு. இவர்கள் வந்து ஒரு செமினார் நடத்தி, சால்வை வாங்கிக்கொண்டு விமானம் ஏறியவர்கள் இல்லை. வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஷாப் ஃப்ளோரில் மெஷின் பக்கத்திலேயே நின்று, போன தடவை சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கேள்வியின் சூட்சுமம் அந்தப் 'போன தடவை'யில் இருக்கிறது. அடுத்த தடவையும் ஒருவர் வந்து கேட்பார் என்று தெரிந்தால் நடுவில் இருக்கும் நாட்களில் நடப்பதே வேறு மாதிரி ஆகிவிடும். தொழிற்சாலை ஒழுங்குக்கு ஜப்பானியர்கள் சொல்லும் ஐந்து 'எஸ்'களில் பொறுக்குவது, அடுக்குவது, துடைப்பது எல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். ஐந்தாவதான கட்டுப்பாடு மட்டும் ஆள் இல்லாமல் நிற்காது.

சாஃப்ட்வேருக்கு வருவோம்.

சென்னையில் 2000-ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்துக்கு 'வாட்ஸ் ஹம்ப்ரி சாஃப்ட்வேர் குவாலிட்டி இன்ஸ்டிடியூட்' என்று பெயர் வைத்தார்கள். யார் இந்த ஹம்ப்ரி? 27 வருஷம் ஐ.பி.எம்.மில் இருந்தவர். ஒரு கட்டத்தில் ஏழு நாடுகளில் 15 ஆய்வுக்கூடங்களில் இருந்த 4,000 சாஃப்ட்வேர்காரர்கள் அவர் பொறுப்பில் வேலை செய்தார்கள். 1966-இல் அந்தப் பொறுப்புக்கு வந்தபோது பார்த்தால், தேதி தவறிக்கொண்டிருந்த புராஜெக்ட்களில் எதற்குமே எழுதி வைத்த திட்டம் இல்லை. திட்டம் இல்லாமல் எந்தப் பொருளையும் அறிவிக்கக்கூடாது, அனுப்பக்கூடாது என்று உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் ஒரு தேதியும் தவறவில்லை என்று பின்னாளில் எழுதினார்.

1986-இல் ஐ.பி.எம்.மை விட்டு, பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனார். அங்கே அவர் தலைமையில் பிறந்ததுதான், ஒரு நிறுவனத்தின் சாஃப்ட்வேர் வேலைமுறையை அளக்கும் சி.எம்.எம். என்ற ஐந்து படி அளவுகோல். இதன் வேர், பாடிக்கு வந்த பரிசின் பெயருக்குரிய டெமிங், கூடவே ஜூரான், கிராஸ்பி ஆகியோரின் தரச் சிந்தனையில் இருக்கிறது. பாடித் தொழிற்சாலையும் போரூர் ஐ.டி. பார்க்கும் சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள் என்று சொன்னால் தப்பில்லை.

சி.எம்.எம். இந்தியாவுக்கு வந்த வேகம் நினைவிருக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். 90-களின் நடுவில் பெங்களூரில் மோட்டரோலா பிரிவு ஐந்தாம் படியைத் தொட்டது. அடுத்த சில வருஷங்களில் உலகில் ஐந்தாம் படியில் இருந்த இடங்களில் பெரும்பாலானவை இந்தியாவில்தான் என்ற நிலை வந்தது. ரிசப்ஷனில் கண்ணாடிச் சட்டத்தில் சான்றிதழ், கிளையண்ட் வந்தால் முதலில் காட்டும் ஸ்லைடு, ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து பின்தேதியிட்டு நிரப்பும் ரிவியூ ரெக்கார்டுகள் என எல்லாமும் கூடவே வந்தன. கடைசியில் சொன்னதை எந்தக் கம்பெனியும் ஒப்புக்கொள்ளாது. ஆனால் அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களை டீக்கடையில் விசாரித்தால் சிரிப்பார்கள்.

ஹம்ப்ரிக்கு இது தெரியாமல் இல்லை. நிறுவனத்துக்குக் கட்டுப்பாடு வந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து கோடு எழுதும் தனி ஆளுக்கு வரவில்லை என்று பார்த்தார். தாமே உட்கார்ந்து 62 சின்ன புரோகிராம்களை எழுதி, ஐந்தாம் படியின் பழக்கங்களை ஒற்றை ஆள் கைக்கொள்ள முடியுமா என்று சோதித்தார். அதிலிருந்து வந்தது பி.எஸ்.பி. என்ற தனிநபர் முறை. 1995-இல் புத்தகமாகவும் வந்தது.

அந்த முறை கேட்பதெல்லாம் மூன்றே விஷயம்தான்: எவ்வளவு நேரம், எவ்வளவு பெரிய புரோகிராம், எத்தனை தவறு. வேலை தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடுவில் ஃபோனுக்கும் டீக்கும் போன நிமிடங்கள் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். தவறுகளுக்கு இன்னொரு பதிவேடு. ஒரு வரி எப்படி இருக்கும் என்று பாருங்கள்: தவறு எண் 7, வகை 80, நுழைந்தது டிசைனில், பிடிபட்டது டெஸ்டிங்கில், சரிசெய்ய 23 நிமிடம், 'லூப் ஒரு சுற்று கூடுதலாக ஓடுகிறது'. இதில் 80 என்பது லாஜிக், லூப் வகைத் தவறுகளுக்கான எண். எழுத்துப்பிழை மாதிரி சின்டாக்ஸ் தவறு என்றால் 20. இப்படி ஒரு மாதம் எழுதினால் தன் கைக்கே உரிய தவறு எது என்று அவரவருக்குத் தெரிந்துவிடும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு செக்லிஸ்ட் போட்டு, கோடை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே படித்துப் பார்க்கலாம். அப்போது பிடிபடும் தவறைத் திருத்த சில நிமிடங்கள் போதும். அதே தவறு சிஸ்டம் டெஸ்டிங் வரை போனால் மணிக்கணக்கு, சில நேரம் நாள் கணக்கு.

பயிற்சி வகுப்புகளில் சேர்ந்த விவரங்கள் ஹம்ப்ரிக்கே அதிர்ச்சிதான். அனுபவசாலிகளே ஆயிரம் வரிக்குச் சுமார் 100 தவறுகளை நுழைக்கிறார்கள் என்று அவர் திரட்டிய கணக்கு காட்டியது. தன்னைப் பற்றி அப்படி ஒரு எண்ணைப் பார்த்த எஞ்சினியர், பாடம் முடிவதற்குள் அதைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். பயன் கண்ணெதிரே தெரிந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? ஆபீசுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் பழைய குருடி கதவைத் திறடி. பதிவேடும் இல்லை, ரிவியூவும் இல்லை. பயன் தெரிந்தவர்களே விட்டுவிட்டார்கள். இந்த இடத்தில்தான் ஹம்ப்ரியின் மேல் மரியாதை கூடுகிறது. பாடம் போதவில்லை என்று இன்னொரு பாடத்தைச் சேர்க்காமல், கூட ஆள் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 90-களின் கடைசியில் உருவான டி.எஸ்.பி. என்ற குழு முறையில் மேனேஜரும் அல்லாத, டெவலப்பரும் அல்லாத ஒருவருக்கு இடம் வைத்தார். அவர்தான் கோச். 2006-இல் அந்த வேலைக்கென்றே தனிப் புத்தகமும் எழுதினார்.

கோச்சின் வேலை முதலில் வெளிச்சத்துக்கு வருவது 'லாஞ்ச்' என்ற தொடக்கத்தில். நாலு நாள், ஒன்பது கூட்டங்கள். முதல் கூட்டத்தில் மேலிடத்தார் வந்து என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்து வரும் கூட்டங்களில் டீமே உட்கார்ந்து இலக்கு, பொறுப்பு, மதிப்பீடு, தரத் திட்டம், ஆபத்துகள் என்று போட்டுப் பார்க்கும். கடைசி நாளில் மேலிடத்தார் திரும்பி வரும்போது டீம் தன் திட்டத்தைச் சொல்ல வேண்டும். மேலிடம் ஆறு மாதம் கேட்டிருக்கும். டீமின் கணக்கில் ஒன்பது வரும். நம்மூர் வழக்கப்படி இந்த இடத்தில் டீம் லீடர் மெதுவாகத் தலையைச் சொறிந்து, "பாத்துக்கலாம் சார், முடிச்சிடலாம்" என்பார். சனி ஞாயிறு அந்த நிமிடமே போய்விடும்.

கோச் அறையில் இருப்பது அந்தத் தலைசொறிதலை நிறுத்தத்தான். அவர் டீமுக்காகப் பேசமாட்டார். முந்தின நாளே கேள்விகளைக் கேட்டு டீமைத் தயார் செய்திருப்பார்: இந்த எண் எங்கிருந்து வந்தது? போன புராஜெக்டில் இந்த அளவு கோடுக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று? ஆறே மாதம்தான் என்றால் எதை விடலாம், இன்னும் இரண்டு பேர் வந்தால் என்ன மாறும் என்று மாற்றுத் திட்டமும் கையில் இருக்கும். அப்படிப் போகிற டீம் கெஞ்சாது, முறைக்கவும் முறைக்காது. கணக்கைக் காட்டும்.

வாரக் கூட்டம் இதைவிடச் சுவாரசியம். வாரத்துக்கு 40 மணி நேரம் சம்பளம் கொடுத்தாலும், திட்டத்தில் இருக்கும் வேலைக்கு உண்மையிலேயே போகும் நேரம் 12 முதல் 15 மணி நேரம்தான் என்பது டி.எஸ்.பி. டீம்கள் தொடக்கத்தில் கண்டுபிடித்த கசப்பான உண்மை. மீதி எல்லாம் கூட்டம், மெயில், பக்கத்து டீமுக்கு உதவி. ஒருவர் இந்த வாரம் ஒன்பது மணி நேரம் என்று எழுதியிருந்தால் மேனேஜர் கேட்கும் கேள்வி ஒன்று, கோச் கேட்கும் கேள்வி வேறு. "ஏன் குறைஞ்சது?" என்பது மேனேஜர் கேள்வி. அதற்கு அடுத்த வாரமே பொய்க்கணக்கு வந்துவிடும். "எது நடுவுல வந்துது, அதை எப்படித் தள்ளலாம்?" என்பது கோச் கேள்வி. இதனால்தான் தனி ஆளின் விவரம் அவருக்கே சொந்தம், மேலே போவது டீமின் மொத்தக் கணக்கு மட்டும் என்று ஹம்ப்ரி கறாராக வைத்தார். இந்த ஒரு விதியை மீறினால் மொத்த முறையும் நாடகமாகிவிடும். நம்மூரில் அளவீடு என்ற பேச்சு எடுத்தாலே அப்ரைசல்தான் நினைவுக்கு வருகிறது என்பதால், நம்மூரில் முதலில் மீறப்படுவதும் இதுதான்.

விளைவு என்ன? 2003-இல் கார்னகி மெலனின் சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட அறிக்கையில் 13 நிறுவனங்களின் 20 புராஜெக்ட்கள் இருந்தன. திட்டமிட்ட காலத்தைத் தாண்டியது சராசரியாக 6 சதவீதம், வெளியே போன பிறகு பிடிபட்ட தவறுகள் ஆயிரம் வரிக்கு 0.06. சொந்தப் பிள்ளைக்குத் தாயே மார்க் போட்ட மாதிரி என்று இதை ஒருவர் தள்ளுபடி செய்யலாம். விருப்பப்பட்டுச் சேர்ந்த நிறுவனங்கள் என்பதும் உண்மை. பி.எஸ்.பி. பதிவேடுகளையே ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998-இல் தோண்டிப் பார்த்து, கையால் நிரப்பிய விவரங்களில் ஏராளமான பிழைகள் இருப்பதைக் காட்டினார்கள். ஆனாலும் பாதியளவு நல்ல விளைவு என்றே வைத்துக்கொண்டால்கூட, மகளின் டீமுக்கு அது பெரிய விஷயம்.

இந்த முறையை முதலில் கையில் எடுத்தவற்றில் ஒன்று, அமெரிக்காவில் பியோரியா என்ற ஊரில் இருந்த அட்வான்ஸ்ட் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ் என்ற சின்ன நிறுவனம். அதற்குச் சென்னையிலும் ஒரு மையம் இருந்தது. பெரிய கம்பெனிகள் சான்றிதழ் பின்னால் ஓடிய காலத்தில், தனி ஆளின் மேசையில் கட்டுப்பாட்டைத் தொடங்கியது இப்படி ஒரு சின்ன இடம் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஹம்ப்ரி பழைய பஞ்சாங்கம், இப்போது எல்லாம் அஜைல் என்று சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1996 வாக்கில் கென்ட் பெக் கிரைஸ்லர் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் புராஜெக்டில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற அஜைல் முறையை உருவாக்கியபோது, ரான் ஜெஃப்ரிஸை அங்கே கோச்சாக உட்கார வைத்தார். ஆவணம், பதிவேடு, மதிப்பீடு என்று எதை எடுத்தாலும் ஹம்ப்ரியும் பெக்கும் எதிரெதிர் திசை. கோச் விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்னொரு அஜைல் முறையான ஸ்க்ரம் பிறந்த கதையும் இப்படித்தான். அதன் பெயரும் கருவும் 1986-இல் டக்கியூச்சியும் நோனாக்காவும் ஹோண்டா, கேனன் போன்ற ஜப்பானியக் கம்பெனிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வந்தவை. அதிகாரபூர்வமான ஸ்க்ரம் வழிகாட்டியில் ஸ்க்ரம் மாஸ்டரின் வேலைகளில் முதலில் வருவது, டீம் தன்னைத்தானே நடத்திக்கொள்ள கோச் செய்வது.

நடைமுறையில்? காலை ஸ்டாண்ட்-அப்பில் "நேத்து என்ன, இன்னிக்கு என்ன" என்று வரிசையாகக் கேட்டு, டிக்கெட் நிலையை மாற்றி, வெள்ளிக்கிழமை ஸ்லைடு போடும் குமாஸ்தா வேலையாக அது சுருங்கிவிட்டது. இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவருக்கு அதற்கு மேல் தெரிய வழியில்லை. டி.எஸ்.பி.யில் கோச் ஆக நினைப்பவர் முதலில் தானே பி.எஸ்.பி. பாடத்தை முடித்து, தன் தவறுகளைத் தானே எண்ணி, பிறகு அனுபவமுள்ள கோச் ஒருவர் கண்முன் லாஞ்ச் நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. கோடு எழுதிக் கஷ்டப்படாதவர் சொன்னால் கோடு எழுதுகிறவர் கேட்கமாட்டார் என்ற சின்ன உலக ஞானம் அதில் இருந்தது.

ஆகவே செலவைக் குறைக்கும் காலம் வந்தால் முதலில் கை வைப்பதும் இந்த நாற்காலியில்தான். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி, அஜைல் வேலைகளில் இருந்த 1,100-க்கும் மேற்பட்டவர்களை ஒரே அடியாக அனுப்பியது. இந்த வேலைகளை இனி எஞ்சினியர்களும் பிராடக்ட் மேனேஜர்களுமே பார்த்துக்கொள்வார்கள் என்பது விளக்கம். குமாஸ்தா வேலை மட்டும் நடந்த இடமென்றால் இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. நல்ல கோச் இருந்த டீமில் நஷ்டம் உடனே தெரியாது. நெருக்கடியான முதல் ரிலீசில், "இந்த ஒரு தடவை ரிவியூ வேண்டாம்" என்று யாரோ சொல்லும்போது, அறையில் எதிர்ப்பேச்சு பேச ஆள் இருக்காது. மேனேஜர் பேசமாட்டார், தேதி அவர் தலையில். டெவலப்பர் பேசமாட்டார், அப்ரைசல் மேனேஜர் கையில். பாடியின் தொழிற்சாலைகள் ஜப்பானிலிருந்து ஆளை வரவழைத்துக் காசு செலவழித்தது இப்படித் தேதியும் அப்ரைசலும் கட்டிப்போடாத ஒரு வாய் வேண்டும் என்பதற்காகத்தான். நம் ஐ.டி. கம்பெனிகள் சான்றிதழுக்குச் செலவழித்ததில் பாதியை அந்த வாய்க்குச் செலவழித்திருந்தால் போதும்.

ஹம்ப்ரி 2010 அக்டோபரில் காலமானார். பி.எஸ்.பி., டி.எஸ்.பி. பாடங்களை சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் இன்ஸ்டிடியூட் இப்போது யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறது. ஆர்வமுள்ள டெவலப்பர்கள் எடுத்துப் பாருங்கள், தவறுப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். ஆனால் தனியாகத் தொடங்காதீர்கள். டீமிலேயே உங்களுக்கு மேலதிகாரியாக இல்லாத, கோடு எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, வாராவாரம் அரை மணி நேரம் உட்கார்ந்து "போன வாரம் எழுதினதைக் காட்டு" என்று கேட்கச் சொல்லிவிட்டு, பிறகு முதல் வரியை எழுதுங்கள்.